தொட்டித் தண்ணீர் இருபத்தேழு டிகிரி

“இன்னும் ரெண்டு டிகிரி ஏறியிருந்தா ரெண்டும் வெந்திருக்குமுங்க,” என்று சொல்லிக்கொண்டே வளவன் பிளக்கைப் பிடுங்கினான்.

ரங்கன் ஓடிவந்து குனிந்தார். தொட்டியில் ரெண்டு ஏஞ்சல் மீனும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. விரலை விட்டுப் பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கு ஊத்துகிற வெந்நீர்ச் சூடு.

வளவன் வந்து பத்து நிமிசம்கூட ஆகவில்லை. முப்பது வயசு இருக்கும். மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முள்முள்ளாக முளைக்கிறது, மீசையும் இல்லை. “சூரமங்கலத்துக் கடையில உங்க பேரும் ஊரும் சொன்னாங்க. மீன் தொட்டி ஹீட்டருக்கு நீங்களே பெட்டி செய்யறீங்களாமே,” என்று வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே தயங்கினான்.

“பழனியா தம்பி?” என்றார் ரங்கன், தலையைப் பார்த்து.

“போட வேண்டியதாப் போச்சுங்க.”

உள்ளே வந்ததும் முதல் வேலையாகத்தான் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தான். பழைய சுவிட்ச் பெட்டிக்குள் போர்டும், ஹீட்டரைப் போட்டு அணைக்கிற ரிலேயும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. மூடியின் உட்பக்கம் தீவன ரசீதின் பின்னால் போட்ட வயர் இணைப்புப் படம் ஒட்டியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் குண்டு குண்டாக, எண்ணி வைத்த மாதிரி.

“யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?”

“இருவது வருசமாக் கோழிக்குஞ்சு ஷெட்டுல கெடக்கறனே. அங்க பல்பு எரிஞ்சு அணையறதும் இப்பிடித்தான். இருவத்தாறுல ஹீட்டரு எரியோணும், இருவத்தேழுல நிக்கோணும். என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது சாமி.”

“ஒரு டிகிரி எடைவெளி விட்டிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சவங்களே மறந்துருவாங்க. வேலையெல்லாம் சுத்தம்.” வளவன் தொட்டியைச் சுற்றி வந்தான். தண்ணீருக்கு நாலு விரல் மேலே, சூட்டை அளக்கும் சென்சார் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. “ஏனுங்க, இது ஏன் காத்துல தொங்குது?”

“குஞ்சு முதுகு ஒசரத்துலதான கட்டுவாங்க.”

“மீன் முதுகு தண்ணிக்குள்ளல்லீங்க இருக்குது.”

ரங்கன் ஒரு கணம் முழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே ரொம்ப நாளாயிற்று. மலையடிவாரத்து மார்கழிக் காத்து இருபத்தொன்றைத் தாண்டாது. அதை அளந்துகொண்டு ஹீட்டர் விடாமல் எரிந்திருக்கிறது.

சென்சாரைத் தண்ணீருக்குள் இறக்கி, பிளக்கைத் திரும்பச் செருகினார்கள். பெட்டியில் எரிந்த சிவப்பு எண் மடமடவென்று முப்பத்திமூணுக்கு ஏறியது. பிடித்து வைத்திருந்த தண்ணீரை அரை சொம்பு அரை சொம்பாக ஊற்றி ஆற வைத்தார்கள். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோர் கொண்டுவந்த எதிர்வீட்டுக் கந்தம்மாள் வளவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பேச்சும் பேசாமல் திரும்பிப் போனாள்.

“வாய் ஓயாத பொம்பள. சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது,” என்றார் ரங்கன். அப்புறம், கேட்காமலே சொன்னார். “இது எம்புள்ள செல்வி வளத்த மீனு. அவங்கம்மா போனதுக்கப்பறம் நானும் அவளும்தான். எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததே அவதான். மூணு வருசம் முன்னாடி எவனையோ கட்டிக்கிட்டுப் போயிட்டா. பேரு ஊரு எதையும் நான் கேட்டுக்கல, தலைமுழுகிட்டேன்.”

வளவன் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவ பேச்சை எங்கிட்ட எடுக்கக்கூடாது, நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் எனக்கு வரக்கூடாதுன்னு சொந்தபந்தம், அக்கம்பக்கம் அத்தனை பேருகிட்டயும் சொல்லிப்போட்டேன். பாவிங்க, ஒருத்தராச்சும் மீறிச் சொல்லோணுமே. மூணு வருசமா ஒரு வார்த்தை இல்ல.”

பொழுது சாயும் நேரத்தில் எண் இருபத்தாறுக்கு இறங்கியது. ரிலே ‘டக்’கென்றது, ஹீட்டர் எரிந்தது. இருபத்தேழில் மறுபடி ‘டக்’. ஹீட்டர் விளக்கு அணைந்தது. மீன் ரெண்டும் நடுத்தண்ணீருக்கு இறங்கி, துடுப்பை விரித்து மெல்லத் திரும்பின.

ரங்கன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

“வாசப்படி எறங்கறப்போ ‘மீனை மட்டும் பாத்துக்கங்கப்பா’ன்னு சொல்லிட்டுப் போனா. இதுக ரெண்டும் செத்துப்போச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளைக் கூப்புடறதுன்னுதான் பயந்து கெடந்தேன். இனி பயமில்ல.”

கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

“சூரமங்கலத்துலதான் இருக்கறாளாம், பஸ்ஸுல யாரோ அவங்களுக்குள்ள பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. சென்சார் வாங்கற சாக்குல அன்னிக்கு நாலு தெரு சுத்திப் பாத்தேன், கண்ணுல படல. உனக்கு அங்க நாலு பேரு பழக்கம் இருக்குமே சாமி. அவ ஊடு எதுன்னு விசாரிச்சுச் சொல்லு. இன்னிக்கே போயிக் கூட்டியாந்தர்றேன்.”

வளவன் எழுந்தான்.

“செல்வி எறந்து பதினெட்டு நாளாச்சுங்க, மாமா.”