வேலைக்குப் போன கிண்ணம்

கொரியாவில் ஒரு சமையலறையில் சோறு போடப் பயன்பட்டது அந்தப் பழைய கிண்ணம். பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் அதை வாங்கி, மரப்பெட்டிக்குள் வைத்து, மூடிமேல் தன் பெயரை எழுதினார். அவரிடம் வாங்கியவர் அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்துத் தன் பெயரையும் எழுதிவிட்டார்.

"என் மேல் இருப்பதுதான் பெரிய மனிதர் பெயர்," என்றது வெளிப்பெட்டி.

"நேற்று வந்தவன் பேச்சைப் பார்!" என்றது உள்பெட்டி.

"அண்ணன்மாரே, எனக்கு ஒரே ஒரு தடவை சுடுசோறு கிடைக்குமா?" என்று கேட்டது கிண்ணம்.

"சோறா! வெளியே சொல்லித் தொலைக்காதே. எங்கள் மரியாதை என்னாவது?"

ஒருநாள் வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்குக் காட்டப் பெட்டிகளைத் திறந்தார். அவர்களோ மூடிகளில் இருந்த பெயர்களையே படித்துப் படித்து வியந்தார்கள். கிண்ணத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. பரிமாற ஒரு கிண்ணம் குறைந்தது. சமையற்கார அம்மா சுற்றிலும் பார்த்தார். திறந்த பெட்டிக்குள் ஒன்று சும்மா இருந்தது. அதை எடுத்துக் கழுவி, ஆவி பறக்கச் சோற்றைப் போட்டார். அதில் சாப்பிட்டவர் மட்டும் மறுசோறு கேட்டார்.

வெந்நீரில் கழுவிய சூட்டோடு கிண்ணம் பெட்டிக்குத் திரும்பியது.

"எங்கேடா போனாய்? எங்களை எப்படிப் புகழ்ந்தார்கள் தெரியுமா?" என்றன பெட்டிகள்.

"வேலைக்குப் போயிருந்தேன், அண்ணா," என்றது கிண்ணம்.