கட்சிக்கு மூன்று பேர்

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கட்சி, கட்சிக்கு வார்டு மன்றத்தில் ஓர் ஓட்டு என்று சட்டம் மாறியதிலிருந்து பெரிய கட்சிகள் தெருத்தெருவாக உடைந்து, கடைசியில் வீடுவீடாகச் சிதறிவிட்டன. தூத்துக்குடியில் வலைக்கடை வைத்திருந்த அமலதாசன், மனைவி செல்வராணி, மகள் ஜெனிட்டா மூவரும் ஒரு கட்சி. ஒருவர் விலகினாலும் கட்சி கலைந்துவிடும். கடற்கரையைக் குத்தகைக்கு விடும் தீர்மானம் வேறு மன்றத்தில் ஓட்டுக்கு வரவிருந்தது.

கொஞ்ச நாளாக ஜெனிட்டா மாடிக்குப் போய்ப் போன் பேசினாள். அமலதாசன் வந்தால் தாயும் மகளும் பேச்சை மாற்றினார்கள். எவனோ ஆள் பிடிக்கிறான் என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இவகிட்ட எந்தக் கட்சிக்காரன் பேசுறான்?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியைக் கேட்டார்.

"கட்சியெல்லாம் இல்லங்க. இவ கூட வேலை பாக்குற பையன், ரூபன். கட்டிக்கணும்னு கேக்குறான். கல்யாணமானா இவ பேரு அந்த வீட்டுக்குப் போயிரும்னு நீங்க வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சீங்க. அதான் சொல்லல" என்றாள் செல்வராணி.

அமலதாசனுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவங்க வீட்ல எத்தனை பேரு?"

"அவரும் அவங்கம்மாவும். ரெண்டு பேருதான்" என்ற ஜெனிட்டாவின் குரல் பாதியிலேயே தேய்ந்தது.

அவள் போனை எடுத்து, ரூபன் முதன்முதலில் அனுப்பிய மெசேஜைத் தேடிப் பிடித்துத் தேதியைப் பார்த்தாள்.

"இந்தச் சட்டம் எந்த மாசம்ப்பா வந்துச்சு?" என்று கேட்டாள்.