வீண் வெயிட்

"ரேஸ் சைக்கிளுக்குக் கேரியரா? என் கையால மாட்ட மாட்டேன். வேற கடை பாரும்மா."

சொல்லிவிட்டு மெக்கானிக் ஸ்பானரை மேஜைமேல் போட்டார்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் 'கிராம்' அண்ணன். ரேஸ் சைக்கிளில் ஒரு கிராம் கூடினாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். வேண்டாத சாமான் எதைப் பார்த்தாலும் 'வீ.வெ.' என்று எழுதி வட்டம் போட்டுவிடுவார். வீண் வெயிட். மணி, ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் அந்த வட்டத்தில் விழுந்து ஒழிந்தவைதான். ஒருமுறை பேச்சை நிறுத்தாத இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு, அவருடைய கார்டிலேயே எழுதிக் கொடுத்து அனுப்பியவர். ஊர் சைக்கிள் கிளப் செயலாளரும் இவர் பென்சில் படாமல் எந்தப் பட்டியலையும் முடிவு செய்வதில்லை.

எதிரே நின்றவள் அந்தக் கிளப்பின் பெண்கள் அணிக்குக் கேப்டன். ஒரு கையில் சைக்கிள், இன்னொரு கையில் இரும்புக் கேரியர்.

"வேற கடையில ஃப்ரேமை நசுக்கிடுவாங்க. நீங்கதான் மாட்டணும்."

"நாலு வருஷமா இதுல ஒவ்வொரு போல்ட்டா அறுத்து வெயிட் குறைச்சேன். எதுக்கு? ஞாயித்துக்கிழமை நீ முதல்ல வரணும்னு. இன்னும் மூணே நாள். இப்பப் போய் மூட்டை தூக்கறேங்கறே."

"ஆமா, தூக்கறேன்."

"வீட்டுல சொன்னாங்களா? ரேஸ் எல்லாம் போதும், கடைகண்ணிக்குப் போய்ட்டு வான்னு?"

"என்கிட்ட அப்படிச் சொல்ல எங்க வீட்டுல இன்னும் ஆள் பிறக்கல."

"அப்போ பயம். தோத்தா கேரியர் மேல பழியைப் போட்டுடலாம்."

அவள் முகம் சிவந்தது.

"பயந்தவளா இருந்தா உங்க கடைக்கு வருவேனாண்ணே?"

மூலையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "நியாயமான கேள்வி."

கிராம் அண்ணன் மனைவியை முறைத்தார். கேரியரைப் பிடுங்கித் தராசில் வைத்தார்.

"ஆயிரத்து நூத்தி ஐம்பது கிராம். இதுக்குப் பேர் கேரியரா, கட்டிலா? உள்ளே அலுமினியத்துல ஒண்ணு கிடக்கு. அறுநூறுதான்."

"எவ்வளவு தாங்கும்?"

"பத்து கிலோ."

"எனக்குப் பதினாலு வேணும்."

"பதினொண்ணு. அதுக்கு மேல பேசாதே."

"பதினாலு."

"குறுக்கே ஒரு கம்பி போடணும். நாற்பது கிராம் கூடும்."

"போடுங்க."

மாட்ட மாட்டேன் என்றவர், பேரம் முடிவதற்குள் பாதி வேலையை ஆரம்பித்திருந்தார். அந்த ஃப்ரேமில் கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது. பின் தண்டு இரண்டிலும் கிளாம்ப் சுற்ற வேண்டும். வெறும் இரும்பு பட்டால் தண்டு நசுங்கும் என்று பழைய டியூபை வெட்டி அடியில் கொடுத்தார். மறையை இறுக்கினார். போல்ட் முனை செயினை உரசியது, அறுத்தார். பெடலைச் சுற்றிக் குதிகால் இடிக்கிறதா என்று பார்த்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

"ரேஸ்ல இதோட உள்ளே விட மாட்டாங்க, தெரிஞ்சுக்கோ."

"விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படிச்சுட்டேன். கேரியர் கூடாதுன்னு ஒரு வரி இல்லை. இப்படி ஒரு பைத்தியம் வரும்னு எழுதினவங்க நினைக்கல போல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சரி, என்னதான் ஏத்தப்போறே? சொன்னா ரெண்டு பக்கமும் எடை சமமா வர்ற மாதிரி கொக்கி வைப்பேன்."

அவள் முதுகுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வாசித்தாள்.

"உதிரிச் சக்கரம் ரெண்டு. டியூப் எட்டு. பெரிய பம்பு ஒண்ணு. தண்ணி பாட்டில் பத்து. முதலுதவிப் பெட்டி."

"இது ஒரு ஆளுக்கான சாமான் இல்லையே."

"அஞ்சு பேருக்கு. போன வருஷம் எங்க அணியில சின்னவளுக்கு டயர் வெடிச்சுது. மாத்த ஒரு டியூப் இல்லை. பதினோரு கிலோமீட்டர் சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே வந்தா. இந்த வருஷம் எங்க ஆளு ஒருத்தியும் நடக்க மாட்டா. அதுக்காக நான் கடைசியா வந்தாலும் சரி."

ஸ்பானர் நின்றது.

"கிளப்போட உதவி வேன் எதுக்கு இருக்கு? இதெல்லாம் அதுலதானே வரணும்?"

"ஆண்கள் அணி சாமான் மட்டும்தான் வருதாம். எங்களோடதை வேண்டாம்னு அடிச்சுட்டாங்க."

கிராம் அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தண்ணியையும் மருந்தையும் அடிச்சானா? எந்த அறிவுகெட்டவன் அவன்? ஆளைக் காட்டு. இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கறேன்."

அவள் கையிலிருந்த தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

செயலாளர் டைப் செய்த வேன் பட்டியல். மேலே ஆண்கள் அணி. கீழே பெண்கள் அணி, ஐந்து வரி. ஐந்துக்கும் பக்கத்தில், சிவப்புப் பென்சிலில், அழகாக வட்டம் போட்டு:

வீ.வெ.