விரிசல் இல்லாத பாறை

"கம்பி பிரஷ்ஷைக் கீழ போடுடா! பாறையோட தோல் உரிஞ்சிடும்!"

அக்கா போட்ட அதட்டலில் தம்பி பிரஷ்ஷை நழுவவிட்டான். அவள் தொழில் பல் வைத்தியம். பாறையையும் பல் மாதிரிதான் தேய்ப்பாள். நைலான் பிரஷ்ஷால், மெதுவாக, இண்டு இடுக்கு விடாமல்.

"ஏன்க்கா, இதுக்கும் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவையா?"

"வாயை மூடிட்டுத் தேய்."

இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் தம்பியும் வாரா வாரம் பாறை ஏறிப் பழகும் அந்த மேட்டில் இருபது பாறைகள். கயிறு கட்டாமல், கீழே மெத்தையை விரித்துப் போட்டுவிட்டு ஏறுகிற உயரம்தான். எந்தப் புண்ணியவான்களோ வந்து அத்தனையிலும் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்பு துளைத்த இதயங்கள், கெட்ட வார்த்தைகள், போன் நம்பரோடு ஒரு ட்யூஷன் விளம்பரம் வேறு.

நிலத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "உங்களை உள்ள விட்டதாலதான் கண்டவனும் வர்றான். ஒரு மாசம் டைம். பாறையெல்லாம் பழையபடி பளிச்சுனு ஆகணும். இல்லேன்னா கேட்டை இழுத்துப் பூட்டிடுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பெயின்ட்டைக் கரைக்கிற மருந்தும் பிரஷ்களும் அவரே வாங்கி அனுப்பினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அக்காவும் தம்பியும் உருகிப்போனார்கள்.

கேட்டைப் பூட்டினால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்பா போன பிறகு வீட்டைப் பிரிப்பதில் மூண்ட சண்டையில் இரண்டு வருஷம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே வந்தாலும் ஆளுக்கொரு பாறையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் அவளுக்குக் கால் வழுக்கியது. ஓடி வந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தவன் தம்பி. அன்றிலிருந்துதான் பேச்சு. இன்றைக்கும் வீட்டு வாசற்படி மிதித்தால் பழைய கதை கிளம்பிவிடும். இந்தப் பாறையடியில் மட்டும்தான் அவர்கள் அக்கா, தம்பி.

"வணக்கம்மா!"

தொப்பிக்காரர் வந்துவிட்டார். நிலத்துக்காரருக்கு வேண்டியவராம். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வருகிறார். "எனக்குக் கல்லுன்னா உயிர்" என்பார். சுத்தம் செய்த இடத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றி, நிறம் எடுப்பாகத் தெரிவதைக் கண் கொட்டாமல் பார்ப்பார். சின்னக் கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். இப்படி ஒரு ரசிகரை அவள் பார்த்ததே இல்லை.

"இந்தப் பெரிய கல்லுல விரிசலே கிடையாதாம்மா?"

"மொட்டையனா? ஊசி நுழையாது சார்! விரல் வைக்க இடம் இருந்தாத்தானே ஏற? மூணு வருஷமா பார்க்கறேன், பாதிகூடத் தாண்டல."

"மத்ததெல்லாம் எப்படி?"

தம்பிக்கு இது போதாதா? மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினான். "இது உள்ள பொள்ளல் சார், தட்டினா டொக்குனு கேக்கும். அது பின்னாடி அடிவரைக்கும் விரிசல். இந்த ரெண்டும் இரும்பு!"

தொப்பிக்காரர் தலையாட்டினார். போன வாரம் அவர் கேட்டதும் அவள் தன் நோட்டையே தூக்கிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு பாறைக்கும் உயரம், அகலம், சரிவு, எங்கே பிளவு, எங்கே பெயர்ந்து வரும் என்று ஆறு வருஷமாக எழுதிய நோட்டு. தம்பிக்குக்கூட அதை இரவல் கொடுத்ததில்லை.

மத்தியானத்துக்குள் மொட்டையன் மேலிருந்த கடைசி எழுத்தும் கரைந்தது.

"ஏறுக்கா. இன்னிக்கு நீ மேல போயிடுவே, பாரு. நான் கீழ நிக்கறேன்."

"ஈரமா இருக்குடா. காயட்டும்."

அதற்குள் ஜீப் வந்து நின்றது. நிலத்துக்காரர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகமெல்லாம் பல்.

"கலக்கிட்டீங்கம்மா! நான் சொன்ன சொல் மாறமாட்டேன். கேட்டைப் பூட்ட மாட்டேன். பூட்டறது என்ன, கேட்டையே கழட்டிடப் போறேன்!"

தம்பி ஒரு விசில் அடித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த வாரம் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாடா," என்றாள். "எல்லாரும் இங்கயே உக்காந்து சாப்பிடலாம்."

தொப்பிக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுகூட தப்பில்லம்மா. என் ஆளுங்களை விட்டு அளந்திருந்தா மூணு மாசம் ஆகியிருக்கும்."

'யாருடைய ஆட்கள்?' என்று அவள் யோசிப்பதற்குள், அவர் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். பிரஷ்ஷைத் தோய்த்தார். மொட்டையனின் முகப்பில், ஆளுயரத்துக்கு, சிவப்புப் பெயின்ட்டில் '1' என்று எழுதினார்.

"சார்! என்ன பண்றீங்க?"

"விரிசல் இல்லாத கல்லைத்தாம்மா முதல்ல அறுத்து எடுப்போம்."

நிலத்துக்காரர் சிரித்தார். "நிறம் தெரியாம விலை பேச மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னார் இவர். நல்லவேளை, நீங்க இருந்தீங்க. அந்தக் கேட்டுலதான் லாரி நுழையாது."

அவள் கை, தானாகவே நைலான் பிரஷ்ஷோடு அந்தச் சிவப்பை நோக்கிப் போனது.

"தொட்டுடாதீங்கம்மா," என்றார் தொப்பிக்காரர், டின்னை மூடியபடி. "இன்னும் காயல."