கதவு எண் இல்லாத வீடு

"உங்க வீட்டோட கார்பன் தடம் எவ்வளவுன்னு பாக்க வந்திருக்கேம்மா."

கையில் அட்டையும் படிவமுமாக வாசலில் நின்ற பெண்ணை அம்சம் ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வயதிருக்கும். கும்பகோணத்தில் காலேஜில் படிக்கிறாளாம். பூமியைக் கெடுக்காமல் வாழ்கிற வீடுகளைக் கணக்கெடுக்கிறாளாம். நாளைக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டிய நேரத்தில் இது வேறு என்று அம்சத்துக்கு எரிச்சலாக வந்தது.

குத்தாலத்துக்குத் தெற்கே, துரைராசுவின் வயலை ஒட்டிய மேட்டுக் கொல்லையில் அவள் குடிசை. பண்ணை வேலைக்கு வந்த அவள் புருஷனுக்குத் துரைராசுவின் அப்பா வாய் வார்த்தையாக விட்ட இடம். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. புருஷனும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது, டவுனில் குடியேறிவிட்ட துரைராசு கொல்லையை மனை போட விலை பேசிவிட்டார். அங்கே யாரும் குடியிருந்ததே இல்லை, போன வருஷம் போட்ட ஆட்டுக் கொட்டகைதான் அது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மறுத்துப் பேச அம்சத்திடம் துண்டுக் காகிதம் கிடையாது. கதவு எண் இல்லாத வீட்டுக்கு ரேஷன் கார்டு கிடைக்காது என்று யாரோ சொல்ல, அந்தக் காலத்திலேயே தம்பி வீட்டு முகவரியில் வாங்கித் தொலைத்திருந்தாள். வாக்காளர் அட்டையும் அப்படியே. அன்றைக்குச் செய்த கெட்டிக்காரத்தனம் இன்றைக்குக் கழுத்தை அறுத்தது. ஊரில் சாட்சி சொல்லவும் ஆளில்லை. எல்லாருக்கும் துரைராசு வயலில்தான் வேலை.

"நீங்க அங்க இருந்ததுக்கு ஏதாவது ஒரு காகிதம் கொண்டாங்கம்மா" என்று வக்கீல் அப்துல் மஜீது சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

காகிதம்! அம்சத்தின் கண் அந்தப் பெண்ணின் கையில் போய் நின்றது.

"அதுல சீலு இருக்குமா பாப்பா?"

"காலேஜ் சீல் இருக்கும்மா. உங்க பேரு, இடம், எத்தனை வருஷமா இருக்கீங்க, எல்லாம் எழுதுவோம்."

"அப்ப உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கிற?"

புதிதாக வருகிற எல்லாரும் தலையை இடித்துக்கொள்கிற தாழ்ந்த கூரை அது. அந்தப் பெண் சொல்லாமலே குனிந்து வந்தாள்.

"கார்பன் தடம்னா என்னம்மா?" என்றாள் அம்சம், ரொம்ப அக்கறைப்பட்டவள் மாதிரி.

"கரண்ட், கேஸ், பெட்ரோல்னு நாம செலவழிக்கிறப்ப புகை காத்துல சேருதில்ல? ஒரு வீடு வருஷத்துக்கு எவ்வளவு சேக்குதுங்கிற கணக்கு."

"எங்க வீட்ல கரண்டே இல்லியே. மனு போட்டா நிலத்துக்காரர் சம்மதக் கடுதாசி கேக்குறாங்க. அவரு குடுக்கல."

பெண்ணின் பேனா நின்றது. பிறகு, "எத்தனை வருஷமா குடுக்கல?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அடுத்தது, மறுபயன்பாடு. ஒரு பொருளைத் தூக்கிப் போடாம வேற வேலைக்கு வச்சுக்கிறது."

அம்சம் மூலையைக் காட்டினாள். கவர்மெண்ட் கொடுத்த இலவச டி.வி. மேல் சாக்கு விரித்து, சோற்றுப்பானை வைத்திருந்தாள்.

"கரண்டு வந்தா பாக்கலாம்னு வாங்கியாந்தேன். பானை வைக்கத்தான் ஆச்சு."

பெண் சிரிக்கவில்லை.

"மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு பிரிக்கிறீங்களா?"

"சாணி, சருகு எல்லாம் அந்தத் தென்னைக்குத்தான் போவுது. மக்காததை வாங்கக் காசு ஏது? அந்தத் தென்னை எங்க வீட்டுக்காரர் வச்சது. பொண்ணு பொறந்த வருஷம். அதையும் எழுதிக்க."

"எந்த வருஷம்?"

சொன்னாள். எழுதினாள். கிணற்றுப் படி, பின்பக்க முருங்கை, கூரை எரவாணத்து மூங்கில் என்று அந்தப் பெண் ஒன்றுவிடாமல் கேட்டாள். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் எதையும் கேட்காமல் தானாகவே வெகுநேரம் எழுதினாள். பிறகு காகிதத்தை நீட்டினாள்.

"இது உங்களுக்குத்தாம்மா. பத்திரமா வச்சுக்குங்க."

கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். கேட்காமலே காகிதம் கைக்கு வந்துவிட்டதில் அம்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. அறியாப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்தவும் செய்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கோர்ட் வாசலில் அப்துல் மஜீது காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். முகத்தில் ஒரு சுரத்தும் இல்லை.

"இதுல நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்காங்க. நீங்களே சொன்னது சாட்சி ஆவாதும்மா" என்றவர், காகிதத்தின் தலைப்பைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இந்தக் கணக்கெடுப்பு கும்பகோணம் டவுனுக்குள்ள மட்டும்தான்னு அச்சடிச்சிருக்கே. உங்க ஊருக்கு எதுக்கு வந்தாங்க?"

மஜீது கடைசிக் கட்டத்துக்கு வந்தார். நின்றார். அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை வாய்விட்டுப் படித்தார்.

"'எட்டு வயதில் அறுவடை பார்க்க அப்பாவுடன் வந்தபோது இந்த வீட்டில்தான் தண்ணீர் குடித்தேன். அப்போதே இந்த அம்மா இங்கேதான் குடியிருந்தார். கோர்ட்டில் எப்போது கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.'"

"யாருங்கய்யா அந்தப் பொண்ணு?"

மஜீது கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "பிரகதா. தகப்பனார் பெயர், துரைராசு."