மஞ்சள் தையல்

காத்தான்குடி வாவிக்கரையில் காலை வெயில் இப்போதுதான் நடைபாதையைத் தொடுகிறது. தையல்காரி ஸில்மியா ஓரத்து இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, எதிரே வேகமாக நடந்து வரும் நபீஸா ராத்தாவின் இடுப்புப் பட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். நடக்கும்போது வயிற்றை இறுக்கிப் பிடிக்கிற பட்டி அது. கடைகளில் ராத்தாவின் அளவுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரன் சிரித்தே விட்டான். போன மாதம் அவள் ஸில்மியாவின் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "கறுப்புல தை புள்ள. அபாயாவுக்குள்ள போடுறதுதானே, ஆருக்கும் தெரியப்படாது" என்றாள். அளவு நாடா காட்டிய இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லவும் விடவில்லை. தடித்த இறப்பர் துணியில் மூன்று ஊசிகள் முறிந்தன. கறுப்பு நூல் தீர்ந்தபோது, உள்ளுக்குத்தானே என்று மிச்சத்தை மஞ்சள் நூலால் தைத்து முடித்தாள் ஸில்மியா.

இன்று பட்டி அபாயாவுக்கு மேலே இருக்கிறது. மஞ்சள் தையல் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. ராத்தா மூச்சை இழுக்கும்போதெல்லாம் பட்டி விரிந்து கொடுக்கிறது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஸில்மியா தன்னையறியாமல் நிமிர்ந்து நிற்கிறாள். வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். "எங்க வாங்கின ராத்தா, டுபாயா?" என்கிறாள் ஒருத்தி. "டுபாயில என்ட அளவு ஏது? நம்மட ஸில்மியா தச்சது. இந்தா நிக்கிறா!" கேட்டவள் குரலைத் தாழ்த்துகிறாள்: "என்ன அளவு?" ராத்தா நடையை நிறுத்தாமல், வாவியில் வலை இழுக்கிற தோணிக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: "அம்பத்திரெண்டு!"