ஒட்டாத மாவு

அலமாரியில் அந்தக் கண்ணாடி ஜாடி வந்து உட்கார்ந்த நாளிலிருந்தே கோதுமை மாவு டப்பாவுக்கு நிம்மதி போயிற்று.

"யாருப்பா நீ?"

"கீரைவிதை மாவு. தண்டுக்கீரையை முத்தவிட்டு, விதையெடுத்து அரைச்சது."

"கீரைக்கு மாவுத் தட்டுல என்ன வேலை?"

ஜாடி சிரித்தது. அந்தச் சிரிப்பே கோதுமைக்குப் பிடிக்கவில்லை. "இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் இருக்காம். இவ்வளவு நல்லவன் இங்க ஏன் வரான்?" என்று சல்லடையிடம் கிசுகிசுத்தது.

மறுநாள் அம்மா அந்த மாவில் ரொட்டி தேய்த்தாள். எடுக்கும்போதே பிய்ந்துபோயிற்று. வெந்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டிய பிறகுதான் உருப்படியாக வந்தது.

"பாத்தியா? நான் எப்படி ஒட்டிப்பேன்! தன்னோடயே ஒட்டாதவன் யாரோட ஒட்டுவான்? குழந்தை மதுரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழறதும் இவன் வேலைதான்" என்றது கோதுமை.

"அவ மாசக்கணக்கா அழறாளே. இவன் வந்தே ரெண்டு நாள்தான் ஆகுது" என்றது சல்லடை.

"அதுவரைக்கும் எங்கேயாவது ஒளிஞ்சிருந்திருப்பான்!"

அன்று சாயங்காலம் அம்மா கோதுமை டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் நீட்டினாள். "நீங்க வெச்சுக்குங்கக்கா. இதுல ஒட்டுற பசை இருக்கில்ல, அதுதான் மதுராவுக்கு ஒத்துக்கலையாம். டாக்டர் சொல்லிட்டார்."

பக்கத்து வீட்டு அலமாரியில், அரிசி மாவு அதை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருப்பா நீ? அங்கேருந்து ஏன் அனுப்பிட்டாங்க?"